கர்ப்ப காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் நச்சுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பம் உறுதியானதும் வீட்டில் எதைத் தொட்டாலும் ஒரு சந்தேகம் வரும். இதைச் சாப்பிடலாமா, அதை மோந்து பார்க்கலாமா, இந்த அறையில் படுக்கலாமா என்று. கூடவே பக்கத்து வீட்டிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் ஆளுக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். அத்தனைக்கும் பயந்தால் பத்து மாதம் நிம்மதியே இருக்காது.

நம் ஊர் வீடுகளைப் பொறுத்தவரை நான்கு விஷயங்களைக் கவனித்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்: ஈயம், புகை, பூச்சி மற்றும் எலி மருந்து, பாதரசம். இவற்றை அப்புறப்படுத்தும் வேலையை வயிற்றுப்பிள்ளைக்காரி தலையில் கட்டக்கூடாது. கணவர், மாமியார், அம்மா, கொழுந்தன் என்று வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான் செய்ய வேண்டும்.

நெடி அடிக்கும் பொருள்தான் ஆபத்தா?

அப்படி நினைத்துத்தான் பலர் பினாயிலுக்குப் பயந்து குங்குமத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் வாசனை கிடையாது. ஈயம் கலந்த மஞ்சள்தூள் நல்ல மஞ்சள்தூளைவிடப் பளிச்சென்று இருக்கும், மணத்தில் வித்தியாசமும் தெரியாது. கர்ப்பத்தில் மோப்பம் கூடுவதால் பல வாசனைகள் குமட்டும். அது உடம்பின் மாற்றம், நச்சுக்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈயத்துக்கு ஏன் முதலிடம்?

ஈயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படி ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயின் ரத்தத்தில் உள்ள ஈயம் நஞ்சுக்கொடி வழியாகத் தடையில்லாமல் குழந்தைக்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம், எடை குறையலாம், குறைமாதப் பிரசவம் ஆகலாம், தாய்க்கு ரத்த அழுத்தமும் கூடலாம்.

இன்னொன்றும் உண்டு. சின்ன வயதிலிருந்து உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல்தான் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் நகரத்தில் வளர்ந்தவர்கள் அந்தப் புகையைச் சுவாசித்தே வளர்ந்தார்கள். கர்ப்பத்தில் குழந்தையின் எலும்புக்குக் கால்சியம் தேவைப்படும்போது, தாயின் எலும்பு கரைந்து கொடுக்கும். கால்சியத்தோடு சேர்ந்து அந்தப் பழைய ஈயமும் ரத்தத்துக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை டிராயரில் போட்டு வைக்காமல் சாப்பிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் எலும்பு கரைவது குறையும்.

கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. கூழோ களியோ அடையோ, எப்படிச் சாப்பிட்டாலும் சரி. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் குடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். அதனால் இரும்பு மாத்திரையும் முக்கியம். கால்சியம், இரும்பு மாத்திரை இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை போட்ட கையோடு டீயும் வேண்டாம்.

வளைகாப்புக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம். புது பெயிண்ட் வாசனை கெடுதலா?

புது பெயிண்டைவிடப் பழைய பெயிண்டுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 2017 நவம்பர் முதல் இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை போன்ற அழுத்தமான நிறங்களில், ஈயம் பல மடங்கு இருந்திருக்கலாம். அது அதிகம் இருக்கும் இடங்கள் ஜன்னல் கம்பி, மரக்கதவு, நிலை, இரும்பு கேட், பழைய பீரோ. வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரில் அந்தப் பயம் இல்லை.

பெயிண்டர் வந்ததும் முதல் வேலையாக உப்புத்தாளை எடுத்து ஜன்னல் கம்பியை வறட்டு வறட்டென்று தேய்ப்பார். அப்போது பறக்கும் மாவு போன்ற தூசி ஜன்னல் திண்டிலும் பாயிலும் தலையணையிலும் படியும். கைக்குப் போய், கையிலிருந்து வாய்க்குப் போகும். தேய்ப்பதாக இருந்தால் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியும் சின்னப் பிள்ளைகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயிண்டைச் சுரண்டவே வேண்டாம், மேலேயே அடித்துவிடலாம். முடிந்தால் இந்த வேலையையே பிரசவத்துக்குப் பிறகு, குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் வைத்துக்கொள்ளலாம். வளைகாப்புக்கு வருபவர்கள் சுவரைப் பார்க்க வருவதில்லை.

புது பெயிண்டைப் பொறுத்தவரை தண்ணீரில் கரைக்கும் எமல்ஷன் தேவலை. தின்னர் ஊற்றிக் கலக்கும் எனாமலும் மர பாலிஷும் அடித்த அறையில் நெடி போகும்வரை படுக்க வேண்டாம்.

மஞ்சள்தூள், குங்குமம், கண்மை: இவற்றையுமா நிறுத்த வேண்டும்?

நிறுத்த வேண்டாம், எங்கே வாங்குகிறோம் என்பதைப் பாருங்கள்.

மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற லெட் குரோமேட் என்ற சாயத்தைச் சேர்ப்பது தெற்காசியாவில் நடக்கிறது. வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிய ஆய்வாளர்கள் கடைசியில் வந்து நின்றது இந்த மஞ்சளில்தான். 2019-ல் அந்த ஆய்வு வெளியானதும் அரசு சந்தைகளில் சோதனை நடத்தி நிலைமையைப் பெருமளவு மாற்றியது. 2024-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், பாட்னாவில் வாங்கிய பாலிஷ் போட்ட மஞ்சளில் ஈயம் மிக அதிகமாக இருந்தது தெரியவந்தது. ஆகவே உதிரியாக விற்கும், கண்ணைப் பறிக்கும் மஞ்சள்தூளைத் தவிருங்கள். பாலிஷ் போடாத விரலி மஞ்சளை வாங்கி வெயிலில் காயவைத்து மில்லில் அரைப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் ஒரு கிழங்கைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் கோடு கோடாக இறங்கினால் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குங்குமத்திலும் இதே கதை. மஞ்சளைச் சுண்ணாம்போ வெங்காரமோ சேர்த்துச் சிவக்க வைப்பது பழைய முறை. மலிவாகக் கிடைக்கும் சில குங்குமங்களில் சிவப்பு ஈயம் கலக்கிறார்கள். மும்பையிலும் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் வாங்கிய குங்கும மாதிரிகளைப் பரிசோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முக்கால்வாசிக்கும் மேலானவற்றில் கொஞ்சமாவது ஈயம் இருந்தது. தோல் வழியாக உள்ளே போவது குறைவு. வைத்த விரலோடு சாப்பிட உட்காருவதால்தான் போகிறது. குங்குமம் வைத்ததும் கை கழுவுங்கள். வகிட்டில் அள்ளி வைக்காமல் ஒரு துளி வையுங்கள். ஊர் பேர் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

கண்மையில் விளக்கெண்ணெய்க் கரியில் வீட்டில் செய்ததற்குப் பிரச்சினை இல்லை. சுர்மா என்று விற்கும் கருப்புப் பொடியில் ஈய சல்பைடு இருக்கக்கூடும். அதைத் தொடவே வேண்டாம், பிறக்கப்போகும் குழந்தைக்கும் வைக்க வேண்டாம்.

பாட்டி கொடுத்த ஈயச் சொம்பில் ரசம் வைக்கலாமா? இண்டாலியம் பாத்திரம்?

ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. வெள்ளீயம் வேறு, மேலே சொன்ன நஞ்சான ஈயம், அதாவது காரீயம் வேறு. ஆனால் வெள்ளீயத்தின் விலைக்குப் பயந்து காரீயத்தைக் கலப்பவர்கள் உண்டு. புளியும் தக்காளியும் சூடும் சேர்ந்தால் அது கரைந்து ரசத்தில் இறங்கும். சொம்பின் விளிம்பை வெள்ளைத்தாளில் தேய்த்துப் பாருங்கள், பென்சில் மாதிரிச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் இருக்கிறது. கோடு விழவில்லை என்பதை மட்டும் வைத்தும் நம்பிவிட முடியாது. இந்தப் பத்து மாதமும் பால் கொடுக்கும் காலமும் ரசம் எவர்சில்வரில் கொதிக்கட்டும்.

பழைய உலோகத்தை உருக்கி வார்க்கும் அலுமினிய, இண்டாலியப் பாத்திரங்களிலும் ஈயம் வரலாம். இந்தியாவில் தயாரான சில பாத்திரங்களிலிருந்து ஈயம் கசிவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் எச்சரித்தது. புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் ஆகியவற்றையாவது அதில் வைக்காதீர்கள்.

நாட்டு மருந்து இயற்கைதானே?

சுக்கு, சீரகம், ஓமம் போட்ட கஷாயத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. பற்பம், செந்தூரம், பாதரசம் சேர்ந்த மாத்திரைகள் ஆகியவற்றில் பலவும் உலோகங்களை வைத்துச் செய்பவை. நியூயார்க் நகரில் 2011-12-ல் ஆறு கர்ப்பிணிகளுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. விசாரித்தபோது, ஆறு பேரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தார்கள். குழந்தை நிற்பதற்கு, குழந்தை சிவப்பாகப் பிறப்பதற்கு என்று யாராவது பொட்டலம் கொடுத்தால் வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மாத்திரை டப்பாவோடு மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள். மறைக்க வேண்டாம்.

கொசுவர்த்திச் சுருள் கூடாது என்றால் டெங்கு வராதா?

நியாயமான கேள்வி. கர்ப்பத்தில் டெங்கு, மலேரியா இரண்டுமே கொசுவர்த்தியைவிட மோசமானவை. அதனால் கொசுவை விட்டுவிடச் சொல்லவில்லை, வழியை மாற்றச் சொல்கிறேன்.

ஆசியச் சந்தைகளில் விற்கும் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று கண்டார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் சுருளை வைத்துப் படுப்பது அவ்வளவு புகையையும் ராத்திரி முழுக்கச் சுவாசிப்பதுதான்.

கொசுவலை கட்டுங்கள். அதைவிடச் சிறந்தது கிடையாது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். டெங்கு கொசு பகலில் கடிக்கும் என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். வாரம் ஒருமுறை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் யாராவது கவிழ்த்துவிட வேண்டும். டீட் அல்லது பிகாரிடின் உள்ள கொசுவிரட்டியை லேபிளில் சொன்னபடி பூசிக்கொள்வதைக் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன. பிளக்கில் மாட்டும் திரவம் கட்டாயம் வேண்டுமென்றால் சாயங்காலம் கொஞ்ச நேரம் போட்டுவிட்டு, படுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

சாம்பிராணி, ஊதுபத்தி, விறகு அடுப்பு?

ஊதுபத்தி ஒன்றை ஏற்றி, ஜன்னலைத் திறந்து வைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. கரித்தணலில் போடும் சாம்பிராணி அப்படியில்லை. மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அந்த வாயு தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்தில் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகு முடி காய வேண்டுமென்றால் வெயில் போதும்.

விறகு அடுப்பில் சமைப்பவர் கர்ப்பிணியாக இருந்தால் அந்த வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். வெந்நீர் அடுப்பில் பிளாஸ்டிக் கவரைப் போட்டுப் பற்றவைக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருமே விடவேண்டும்.

கணவர் வாசலில் நின்று சிகரெட் பிடித்துவிட்டு உள்ளே வந்தால் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். வீட்டுக்குள் பிடிப்பதைவிடத் தேவலை, அவ்வளவுதான். சட்டையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வரும். குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கும் பிறந்தபின் திடீரென இறப்பதற்கும் சிகரெட் புகைக்கும் உள்ள தொடர்பு நன்றாக நிறுவப்பட்டது. நிறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் ஒருவருக்குக் கிடைக்காது.

எலித் தொல்லை தாங்கவில்லை. மருந்து வைக்கலாமா?

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கூண்டு, பசை அட்டை, ஓட்டையை அடைப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அரிசி மூட்டைக்குள் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பின் என்ற கொடிய வாயுவை விடும். அது படுக்கும் வீட்டுக்குள் வரவே கூடாது. அரிசிக்குக் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு, மூடி இறுகிய டிரம்மில் வையுங்கள்.

கரப்பானுக்கு ஸ்பிரே அடிப்பதற்குப் பதில் ஜெல் மருந்தை அலமாரி மூலையில் மற்றவர் வைக்கலாம். கரையான் மருந்து அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

வயல் இருக்கிறவர்களுக்கு: மருந்து அடித்துவிட்டு வருபவர் வாசலிலேயே துணி மாற்றி, குளித்துவிட்டு உள்ளே வரவேண்டும். அந்தத் துணியைக் கர்ப்பிணி துவைக்கக்கூடாது, மற்றத் துணியோடு ஊறவைக்கவும் கூடாது. காலியான மருந்து டப்பாவைக் கழுவித் தண்ணீருக்கோ மண்ணெண்ணெய்க்கோ வைப்பது இன்றும் நடக்கிறது. உடைத்துப் போட்டுவிடுங்கள்.

பாத்ரூம் கழுவலாமா?

சோப்புத்தூளும் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவலாம். உப்புக்கறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை ஊற்றிச் சரியாக அலசாமல் இன்னொன்றைப் போட்டாலும் அதேதான். சின்ன பாத்ரூமில் சில நொடிகளில் மூச்சு அடைத்துவிடும். இது கர்ப்பிணிகளுக்கு மட்டுமான எச்சரிக்கை அல்ல.

சிவப்பழகு கிரீம், தலைச்சாயம், மருதாணி?

தயாரிப்பாளர் முகவரியோ பொருட்களின் பட்டியலோ இல்லாத, ஒரே வாரத்தில் நிறம் கொடுக்கும் கிரீமில் பாதரசம் இருக்க வாய்ப்பு அதிகம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் இப்படிப்பட்ட கிரீம் பூசிய பலருக்கு ஒரே மாதிரிச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். பாதரசம் தோல் வழியாக ஏறி, குழந்தைக்கும் போகும். தூக்கி எறியுங்கள். முகப்பருவுக்கு ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) கிரீமோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை குழந்தைக்குப் பெரிய ஊனத்தை உண்டாக்கக்கூடும்.

தலைச்சாயம் அவசரமில்லை என்றால் முதல் மூன்று மாதம் கழியட்டும். வளைகாப்புக்கு மருதாணி தாராளமாக வைக்கலாம், செடியிலிருந்து பறித்து அரைத்தது. உடனே கருப்பாகப் பிடிக்கும் கோன் வேண்டாம், அதில் தலைச்சாயத்தில் போடும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள்.

மீன் சாப்பிடலாமா? பாதரசம் இருக்கிறது என்கிறார்களே?

மீனை விட்டுவிடாதீர்கள். குழந்தையின் மூளைக்கு அது நல்லது. சின்ன மீனைத் தின்று வளரும் பெரிய மீனில்தான் பாதரசம் அதிகம் சேரும். மத்தி, நெத்திலி, காரப்பொடி, சங்கரா வாரம் இரண்டு முறை சாப்பிடலாம். பெரிய சுறாவும் மயில் மீனும் வேண்டாம். பெரிய வஞ்சிரத்தையும் இந்த மாதங்களில் ஒதுக்கி வையுங்கள். பிரசவமான பெண்ணுக்குப் பால் ஊற சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். மத்திக் குழம்பு வைத்துக் கொடுத்தாலும் புரதம் கிடைக்கும், பாதரசமும் மிகக் குறைவு.

பிளாஸ்டிக்?

சூடான சாம்பாரைக் கவரில் கட்டி வாங்காதீர்கள். கடைக்குப் போகிறவர் கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தனுப்புங்கள். பிளாஸ்டிக் டப்பாவை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். அரிசி, பருப்பு போட்டு வைத்திருக்கும் டப்பாக்களை எல்லாம் மாற்றிச் செலவழிக்க வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு நல்ல கொசுவலை வாங்கலாம்.

மண், சாம்பல், சிலேட்டுக்குச்சி தின்ன ஆசையாக இருக்கிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை, பல கர்ப்பிணிகளுக்கு வருவதுதான். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும். மண்ணில் ஈயமும் புழுவும் இருக்கலாம் என்பதால் தின்பதை நிறுத்தவேண்டும். அதற்கு ரத்தசோகையைப் பார்த்துச் சரிசெய்வதுதான் வழி. செவிலியரிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் இதைக் கிண்டல் செய்யாதீர்கள்.

கணவர் பேட்டரி கடையில் வேலை செய்கிறார். எனக்கு ஏதாவது ஆகுமா?

பேட்டரி, பெயிண்டிங், பழைய இரும்பு, ஈயம் உருக்குதல், நகைப் பட்டறை: இந்த வேலைகளில் தூசி துணியோடும் செருப்போடும் வீட்டுக்கு வரும். வேலைத் துணியைக் கடையிலேயே மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தனியாகத் துவைக்க வேண்டும், அதுவும் அவரே. வாசலை ஈரத்துணியால் துடையுங்கள். இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்கள் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனையில் அது சேராது. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிதறிவிட்டது.

கர்ப்பிணி அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் துளிகள் இன்னும் சிறிதாகி அறை முழுக்கப் பரவும். தடித்த அட்டையால் உருட்டிச் சேர்த்து, மிச்சத்தை ஒட்டு நாடாவால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு இறுக மூட வேண்டும். சாக்கடையில் ஊற்றக்கூடாது.

முதல் மூன்று மாதம் இதெல்லாம் தெரியாமல் இருந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

இன்றிலிருந்து நிறுத்தினாலும் பலன் உண்டு, குழந்தையின் மூளை கடைசி மாதம்வரை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு நாள் கொசுவர்த்தி, ஒரு தடவை பாத்ரூம் ஆசிட் என்பதற்காக இரவெல்லாம் அழ வேண்டாம். பல மாதம் தொடர்ந்து பட்டிருந்தால், அதாவது பற்பம் சாப்பிட்டது, ஊர் பேர் தெரியாத கிரீம், பட்டறை வேலை போன்றவை என்றால், மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். நச்சு வாயுவையோ மருந்தையோ சுவாசித்து மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் என்றால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு வந்து 108-க்கு அழையுங்கள்.

பிறக்கப்போகும் குழந்தைக்குப் பழைய சேலை எடுத்து வைக்கிறேன். அதில் கவனிக்க ஏதாவது உண்டா?

உண்டு. தூளி கட்டவும் குழந்தையைச் சுற்றவும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுக்கும் பருத்திச் சேலையில் அந்துருண்டை வாசனை ஏறியிருக்கும். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டோடு சேர்ந்தால், ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். குறைபாடு யாருக்கு இருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஏழாம் மாதத்திலேயே சேலைகளை வேறு யாரையாவது வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, பல நாள் வெயிலில் உலர்த்தி, வாசனை முழுதாகப் போன பிறகு, உருண்டை போடாத வேறு பையில் மடித்து வையுங்கள். வாசனை போகவே இல்லை என்றால் அந்தச் சேலை தூளிக்கு வேண்டாம்.